சுத்தியலும் மறு கையும்

வன்மையைப் பயன்படுத்துவது எப்போது நியாயமாகும்? இந்த வினாவை அறிஞர்கள் பெரும்பாலும் அரசுகளையும் போர்களையும் தண்டனைகளையும் முன்வைத்தே ஆராய்ந்து வந்திருக்கின்றனர். அரசனுக்குச் செங்கோல் எவ்வளவு, வாள் எவ்வளவு என்று கேட்டனர். ஆசானுக்குப் பிரம்பு தகுமா, தகாதா என்று வாதிட்டனர். பெரிய வினாவுக்குப் பெரிய எடுத்துக்காட்டுகளைத் தேடுவது இயல்பே. ஆயினும் அத்தகைய எடுத்துக்காட்டுகளில் ஒரு குறை உண்டு. அவற்றில் நம்மில் பெரும்பாலோர் பார்வையாளர்கள். வாள் நம் கையில் இல்லை. ஆகவே வாளைப்பற்றி நாம் வழங்கும் தீர்ப்பு நம்மை உறுத்துவதில்லை. சுத்தியலோ எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

எனவே அந்தப் பழைய வினாவை ஒரு வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். தம் மோட்டார் சைக்கிளைத் தாமே பிரித்துப் பழுதுபார்க்கும் பழக்கமுள்ளோர் நம்மிடையே பலர். செலவு மிச்சம் என்று சிலரும், தம் வண்டியைத் தாமே அறியவேண்டும் என்ற ஆவலால் சிலரும் இவ்வேலையில் இறங்குகின்றனர். இவர்கள் எல்லாரும் என்றாவது ஒருநாள் சந்திக்கும் அனுபவம் ஒன்றுண்டு. பிரித்துக்கொண்டே வரும்போது ஏதாவது ஓர் உறுப்பு வர மறுக்கும். நட்டு திரும்பாது, மூடி பிரியாது, தண்டு துளையைவிட்டு நகராது. “ஜாம் ஆகிவிட்டது” என்பார்கள் மெக்கானிக்குகள். கைகள் வலிக்கின்றன, வியர்வை கண்ணில் இறங்குகிறது, பொழுது சாய்கிறது. கருவிப் பெட்டியில் சுத்தியல் கிடக்கிறது.

அந்த நொடியைச் சற்று எண்ணிப் பாருங்கள். வலிமை முழுவதும் மனிதனிடம் இருக்கிறது. எதிரே வாய்பேச முடியாத ஒரு பொருள். தடுப்பார் இல்லை, பார்ப்பாரும் இல்லை. ஒருவனுடைய இயல்பு வெளிப்படுவதற்கு இதைவிடப் பொருத்தமான சூழல் வேறு வேண்டுமோ?

வர மறுக்கும் தண்டு

பேச்சு பொதுவாக நின்றுவிடாதிருக்க, ஒரு வண்டியையும் அதில் ஓர் உறுப்பையும் எடுத்துக்கொள்வோம். 1955ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவான நாள்தொட்டுத் தமிழ்நாட்டுச் சாலைகளுக்குப் பழகிப்போன வண்டி புல்லட். அதன் பழைய 350 மாதிரியின் என்ஜின் 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கொண்டது. சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. புதிய என்ஜின்கள் அதன் இடத்தைப் பிடித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டபோதிலும், அந்தப் பழைய வண்டிகளைப் பேணிவரும் வீடுகள் இன்றும் உள்ளன. எளிய அமைப்பு, பொறுமையுள்ளவர் வீட்டிலேயே பிரித்து மாட்டலாம்.

ஹெட்டைக் கழற்றிச் சிலிண்டரை மேலே தூக்கிவிட்டால் பிஸ்டன் தெரியும். கனெக்டிங் ராடு என்னும் கையின் நுனியில் அது நிற்கிறது. அந்தக் கையையும் பிஸ்டனையும் பிணைப்பது, விரற்கனமும் நடுவே துளையும் உள்ள ஓர் எஃகுத் தண்டு. பிஸ்டன் பின் என்பது அதன் பெயர். அது பக்கவாட்டில் நகர்ந்து சிலிண்டர் சுவரைக் கீறிவிடாதபடி இரு முனைகளிலும் லாக் எனப்படும் கம்பி வளையங்கள் காவல் நிற்கின்றன. பிஸ்டனை எடுக்க விரும்புபவர், கீழே திறந்திருக்கும் கிராங்க் கேஸின் வாயை முதலில் தூய துணியால் அடைத்துக்கொள்வார். ஒரு லாக் தவறி உள்ளே விழுந்தால் என்ஜின் முழுவதையுமே பிரிக்க நேரிடும். பின்பு லாக்கை எடுத்துவிட்டுத் தண்டைப் பக்கவாட்டில் தள்ளுவார். நல்ல நிலையிலுள்ள வண்டியில் அது விரலுக்கே இணங்கி வரும். நெடுங்காலம் ஓடிய வண்டியிலோ இம்மியும் அசையாது.

ஏன் அசைவதில்லை? காரணங்கள் சிலவே. சூட்டில் கருகிய எண்ணெய் அரக்குப்போல் படிந்து தண்டைப் பிடித்திருக்கலாம். லாக் உட்காரும் பள்ளத்தின் விளிம்பில் பிசிறோ, கரிப்படலமோ நின்று வழியை மறிக்கலாம். குளிர்ந்த நிலையில் பிஸ்டனின் அலுமினியம் சுருங்கித் தண்டை இறுக்கியிருக்கலாம். சில வேளைகளில் அந்தப் பக்கத்து லாக்கை எடுக்கவே மறந்திருப்பார்கள். பூட்டைத் திறக்காமல் கதவை உடைக்க முயல்வதற்கு இது ஒப்பு.

இவற்றுள் எதுவும் தண்டின் பிடிவாதமன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பரிகாரம் இருக்கிறது. ஆனால் வியர்த்துக் களைத்தவனுக்கு அவை எல்லாம் ஒன்றாகவே தோன்றும். “இது என்னை எதிர்க்கிறது” என்று அவன் மனம் சொல்லும். காரணம் தேடவேண்டிய இடத்தில் எதிரியைக் கண்டுபிடித்துவிடுகிறான். வன்மையின் முதற்படி இதுவே.

அடி எங்கே போகிறது?

சுத்தியலை எடுத்துத் தண்டின் முனையில் ஓங்கி அடிப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த அடியின் வலிமை எங்கே போகிறது?

ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு என்பது 1687ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் நியூட்டன் வகுத்துரைத்த விதி. பள்ளி மாணவரும் ஒப்பிக்கும் இவ்விதியில் அறம் சார்ந்த ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. தண்டை அடிக்கும்போது அந்த அடியை எதிர்த்துத் தாங்குவதற்கு யாரேனும் இருந்தாக வேண்டும். பிஸ்டனை மறுபுறத்தில் நாம் பிடித்துக்கொள்ளவில்லையானால், அந்தச் சுமை கனெக்டிங் ராடின்மீது இறங்குகிறது. மேலும் கீழும் வரும் விசையைத் தாங்குவதற்காகவே அமைந்த உறுப்பு அது. பக்கவாட்டில் விழும் அடி அதன் வேலையில் சேராது. அது வளைகிறது, அல்லது அதன் அடிமுனையிலுள்ள பேரிங் அடிபடுகிறது. இறுகிக் கிடந்தது தண்டு. அடி வாங்கியதோ யாதொரு குற்றமும் செய்யாத வேறோர் உறுப்பு.

இதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இத்தனைக்கும் பிறகு தண்டு வெளியே வந்துவிடக்கூடும். அடித்தவன் வெற்றியடைந்துவிட்டான்! என்ஜினைப் பூட்டுகிறான், உதைக்கிறான், வண்டி ஓடவும் செய்கிறது. வளைந்த ராடு கண்ணுக்குத் தெரிவதில்லை. பிஸ்டன் சற்றே சாய்ந்து சிலிண்டரின் ஒரு பக்கத்தை மட்டும் உராய்கிறது. அந்தப் பக்கம் மெல்ல மெல்லத் தேய்கிறது. பல மாதங்களுக்குப் பின் என்ஜினில் ஒரு தட்டொலி பிறக்கிறது, புகை வருகிறது. அப்போது, “வண்டிக்கு வயதாகிவிட்டது” என்று சொல்வானேயன்றித் தன் பழைய அடியை அவன் நினைவுகூர்வதில்லை.

“அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டார்” என்று நம்மிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. அது நிலைத்து நிற்பதன் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. அடியின் பலன் உடனே தெரிகிறது. அதன் கேடு காலங்கடந்து, வேறோர் இடத்தில், வேறொரு பெயரில் வருகிறது. ஆகவே அடிப்பவனுக்கு அனுபவம் எதையும் கற்பிப்பதில்லை. அடிக்குந்தோறும் அவன் நம்பிக்கை உறுதிப்படுகிறது. பிள்ளையை அடித்துப் படிக்கவைத்த தகப்பன், அன்று மாலை பிள்ளை புத்தகத்தைத் திறந்ததை மட்டுமே காண்கிறான். பத்தாண்டுகள் கழித்து, தகப்பனிடம் ஒரு துயரத்தையும் சொல்ல இயலாதவனாய் அதே பிள்ளை விலகி நிற்கும்போது, “இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான்” என்கிறான். ராடு எங்கே வளைந்தது என்று அவனுக்குத் தெரியாது.

சுடுநீரில் நனைத்த துணி

இனி, அனுபவமுள்ளவர் செய்வதைப் பார்ப்போம். முதலில் விளக்கை அருகே கொண்டுவந்து பார்ப்பார். லாக் எடுக்கப்பட்டதா? பள்ளத்தின் விளிம்பில் பிசிறு உண்டா? இருந்தால் அதனை மெல்லச் சுரண்டியெடுப்பார். பின்பு ஒரு பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவைத்து, பழைய துணியை அதில் நனைத்துப் பிழிந்து, கையைச் சுட்டுக்கொள்ளாமல் பிஸ்டனைச் சுற்றிப் போர்த்துவார். ஆறினால் மீண்டும் நனைப்பார். சில நிமிடங்கள் கழியும். பெரும்பாலும் தண்டு கைத்தள்ளலுக்கே இணங்கிவிடும்.

இதில் மாயமெதுவும் இல்லை. வெப்பத்தில் எஃகு விரிவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும் தன்மையது அலுமினியம். தண்டு எஃகு, அதைச் சூழ்ந்திருக்கும் பிஸ்டன் அலுமினியக் கலவை. இரண்டும் ஒரே அளவு சூடேறினாலும் துளை தண்டைவிட அதிகமாக விரிகிறது. 20 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துளை 70 பாகை அளவு சூடேறினால் கிடைக்கும் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. தலைமயிரின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. சுத்தியலின் முழு ஆவேசமும் செய்ய இயலாததை இந்த அற்ப இடைவெளி செய்துவிடுகிறது.

இங்கே சிந்திக்கத்தக்கது இதுவே: சுடுநீர்த் துணி தண்டைத் தொடவே இல்லை. தண்டைப் பிடித்துக்கொண்டிருந்ததைத்தான் அது இளகச் செய்தது. இறுகிப்போன மனிதர்களிடமும் நாம் இதை மறந்துவிடுகிறோம். பேசாமல் முகந்திருப்பிக்கொண்ட தம்பியைப் “பேசு, பேசு” என்று நெருக்குகிறோம். அவனைப் பிடித்திருப்பது எது என்று கேட்பதில்லை. வாப்பாவின் மரணத்துக்குப் பின் நடந்த பாகப்பிரிவினையில் எவரோ சொன்ன ஒரு சொல்லாக இருக்கலாம். கடன்பட்ட வெட்கமாக இருக்கலாம். அவனைச் சூழ்ந்துள்ளதைச் சற்றே விரியச்செய்தால் அவன் தானாகவே வெளியே வருவான்.

எதிர்மரை

எல்லா இறுக்கமும் சூட்டுக்கு இளகுவதில்லை. சில இறுக்கங்களுக்கு நம் அறியாமையே காரணம். நட்டை இடப்பக்கம் திருப்பினால் கழலும், வலப்பக்கம் திருப்பினால் இறுகும் என்பது யாவரும் அறிந்தது. ஆனால் எதிர்மரை கொண்ட நட்டுகளும் உண்டு. சைக்கிளின் இடப்பக்கத்து மிதிக்கட்டை அத்தகையது. பழைய புல்லட் என்ஜினின் வலப்புற மூடியைத் திறந்தால், எண்ணெய்ப் பம்பை இயக்கும் திருகு நட்டும் எதிர்மரையாகவே இருக்கக் காணலாம். இதனை அறியாதவன் வழக்கம்போல் இடப்பக்கம் திருப்புகிறான். அது வருவதில்லை. இன்னும் நீளமான ஸ்பானரைக் கொண்டுவருகிறான். அதில் ஒரு குழாயையும் செருகிப் பலங்கொண்டமட்டும் திருப்புகிறான். அவன் முயற்சி ஒவ்வொன்றும் நட்டை மேலும் இறுக்குகிறது. கடைசியில் மரை அறுகிறது.

இவன் சோம்பேறியல்லன், கெட்டவனுமல்லன். பாடுபட்டவன். ஆயினும் அவனுடைய உழைப்பே கேட்டைச் செய்தது. நல்லெண்ணமும் உழைப்பும் இருந்தால் போதும் என்று எண்ணுவோர் இந்த எதிர்மரையை நினைவிற் கொள்வது நலம். ஒரு பொருள் எந்தப் பக்கம் திரும்பும் என்று அறிந்துகொள்வதும் கடமையில் ஒரு பகுதியே. அறிய வாய்ப்பிருந்தும் அறியாதிருந்தவன், “தெரியாமல் செய்துவிட்டேன்” என்று சொல்வது அரை நியாயமேயாகும்.

எண்ணெயும் இரவும்

துருவினால் வரும் இறுக்கம் இன்னொரு வகை. ஆண்டுக்கணக்கில் மழைச்சாரலில் நின்ற வண்டியில் சிலிண்டருக்குள் ஈரம் புகுந்து, பிஸ்டன் அப்படியே பிடித்துக்கொள்வதுண்டு. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் இயல்புடையது; ஆகவே இடைவெளிகளை நிரப்பி இறுக்கிவிடுகிறது. உராய்வை ஆராய்ந்து 1785ல் தம் முடிவுகளை வெளியிட்ட பிரெஞ்சுப் பொறியாளர் கூலும் கண்ட உண்மையும் இங்கே பொருந்தும். ஒன்றையொன்று தொட்டபடி நெடுநேரம் அசையாதிருந்த பரப்புகளை முதன்முதல் நகர்த்துவதற்குப் பல வேளைகளில் கூடுதல் விசை தேவைப்படுகிறது. நகரத் தொடங்கியபின் குறைந்த விசையே போதும். பேசாதிருந்த நாட்கள் பெருகப் பெருக முதற்சொல் எத்துணைக் கனமாகிவிடுகிறது என்பதை எந்தக் குடும்பம் அறியாது?

இத்தகைய என்ஜினுக்குப் பரிகாரம், பிளக்கைக் கழற்றி அத்துளை வழியே ஊடுருவும் எண்ணெயை ஊற்றி விட்டுவைப்பது. ஓர் இரவு, சில வேளை பல இரவுகள். பின்பு வண்டியை உயர்ந்த கியரில் வைத்து, பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் சற்றே அசைத்துப் பார்ப்பது. வரவில்லையெனில் மீண்டும் எண்ணெய்; மீண்டும் காத்திருப்பு. ஒருநாள் ஒரு நூலளவு அசையும். அந்த நூலளவே பாதி வெற்றி.

“அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்” என்பதும் நம் பழமொழியே. முன்னே சொன்ன பழமொழியிலும் ‘அடி’ இருக்கிறது, இதிலும் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இந்த அடி ஓங்கி விழுவதன்று. அளவறிந்து தொடர்ந்து வருவது. பொறுமை என்றால் சும்மாயிருத்தல் என்று சிலர் எண்ணிவிட்டனர். எண்ணெய் ஊற்றாமல் பத்தாண்டு காத்திருந்தாலும் துரு இளகாது; வளரும். எண்ணெய் ஊற்றியவனின் காத்திருப்புக்கே பொறுமை என்ற பெயர் தகும். மற்றது அசட்டை.

இறுகிய திருகாணி ஒன்றைப்பற்றிச் சிந்தித்த அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பிர்சிக்கை இங்கே குறிப்பிடுவது பொருத்தம். மோட்டார் சைக்கிள் பராமரிப்பைப் பெயரிலேயே தாங்கிய அவருடைய தத்துவ நூல் 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. வழி தெரியாமல் திகைத்து நிற்கும் நிலையை அவர் இழிவாகக் கருதவில்லை. உண்மையான அறிவு பிறக்கும் வாயில் அதுவே என்று கண்டார். பழுதுபார்ப்பவனின் மனநிலை அவருடைய ஆராய்ச்சிக்குப் பொருளாயிற்று. நம் வினாவோ சற்று வேறுபட்டது. அடிப்பவன் உள்ளம் அமைதி பெறுவது நன்றுதான். ஆனால் அடி யார்மீது விழுகிறது என்பதை அமைதியான உள்ளமும் கேட்டாக வேண்டும்.

மறு கை

அப்படியாயின் சுத்தியலுக்கு வேலையே இல்லையா? உண்டு. சூடு காட்டியும் எண்ணெய் விட்டும் வாராதவை உள்ளன. அப்போது வலிமை தேவையே. எப்படிப்பட்ட வலிமை என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

ஒரு தகப்பனும் மகனும் முற்றத்தில் இந்த வேலையில் ஈடுபட்டிருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். “வாப்பா, ஒரே ஓர் அடி போட்டால் வந்துவிடும்” என்கிறான் மகன். தகப்பன் தடுக்கவில்லை. “போடு, தம்பி. அந்த அடி எங்கே போய் விழும் என்று மட்டும் எனக்குச் சொல்லிவிட்டுப் போடு” என்கிறார். மகன் விழிக்கிறான். அவர் பிஸ்டனின் மறுபுறத்தில் தம் உள்ளங்கையை வைத்து, அது சிறிதும் நகராதபடி அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். “இப்போது மரக்கட்டையை இடையில் வைத்து மெல்லத் தட்டு. விழுகிற அடியை என் கை தாங்கிக்கொள்ளும், ராடுக்குப் போகாது.”

இந்த மறு கைதான் நான் சொல்லவந்த பொருள். தட்டுகிற கை ஒன்று இருக்குமானால், தாங்குகிற கையும் ஒன்று இருத்தல் வேண்டும். தாங்குகிற கைக்கும் அடியின் வலி தெரியும். ஆகவே அளவு தானே கட்டுப்படுகிறது. கண்டித்தே ஆகவேண்டிய நேரங்கள் குடும்பத்திலும் வரும். கண்டிப்பவர் அதே வேளையில் அந்தப் பிள்ளையைத் தம் மறு கையால் பிடித்திருக்கிறாரா? அவனுடைய தவறால் வந்த இழப்பில் தாமும் ஒரு பங்கைத் தாங்குகிறாரா? எட்ட நின்று எறியும் கண்டனத்தின் சுமை அந்த வீட்டிலுள்ள பலவீனமான ஒருவர்மீது போய் இறங்கும். பெரும்பாலும் அவர் அந்தப் பிள்ளையின் தாயாக இருப்பார்.

இதே கருத்தில் அமைந்த கருவி ஒன்றையும் மெக்கானிக்குகள் தாமே செய்துகொள்வர். ஒரு நீண்ட போல்ட், ஒரு குழாய்த்துண்டு, சில வாஷர்கள், ஒரு நட்டு, இவ்வளவே. போல்ட்டைத் தண்டின் துளைவழியே செலுத்தி, குழாய்த்துண்டைப் பிஸ்டனின்மேல் ஊன்றி, நட்டைச் சிறுகச் சிறுகத் திருகினால் தண்டு குழாய்க்குள் இழுபட்டு வந்துவிடும். இழுக்கும் விசையும் அதை எதிர்த்துத் தாங்கும் விசையும் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையிலேயே முடிந்துவிடுகின்றன. ராடின்மேல் பாரம் ஏறுவதில்லை. சிக்கல் யாருக்கிடையே உண்டோ அவர்களுக்குள்ளேயே அதைத் தீர்த்து, ஊராரை இழுக்காமல் முடித்துவைக்கும் நல்ல நடுவர்களை இக்கருவி நினைவூட்டுகிறது.

எதை இழப்பது?

கடைசியாக, எல்லா வழிகளும் அடைபட்ட நிலை ஒன்றுண்டு. அலுமினிய மூடியில் ஓர் எஃகு போல்ட் முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. இனி ஏதேனும் ஒன்றை இழந்தே ஆகவேண்டும். அனுபவமுள்ளவர் அந்தப் போல்ட்டின் நட்டநடுவில் துளையிட்டு, அதை அழித்துவிட்டு, மூடியைக் காப்பாற்றுவார். போல்ட் மலிவானது; எளிதில் கிடைப்பது. மூடியோ விலையுயர்ந்தது. ஆத்திரக்காரன் இதைத் தலைகீழாகச் செய்கிறான். போல்ட்டை வென்றே தீருவது என்று மூடியை உடைத்துவிடுகிறான்.

இழப்பு தவிர்க்க முடியாதபோது எதை இழப்பது என்று தெரிந்திருப்பதும் அறிவே. ஒரு வாக்குவாதத்தில் நம் கட்சியின் வெற்றி என்பது போல்ட். உறவு என்பது மூடி. எது மலிவு, எது அரியது என்பதை ஆத்திரம் வருவதற்கு முன்பே தீர்மானித்து வைத்துக்கொண்டவன் பாக்கியவான். ஆத்திரம் வந்தபின் விலைச்சீட்டுகள் இடம் மாறிவிடுகின்றன.

ஒரு மறுப்பு

இவ்வளவும் ஓய்வுள்ளவர்களின் தத்துவம் என்று ஒருவர் மறுக்கலாம். மீன் கூடையை ஏற்றிக்கொண்டு நாளை விடியுமுன் சந்தைக்குப் போகவேண்டியவன் எத்தனை இரவு எண்ணெய் ஊறவிடுவான்? அவனிடம் பொறுமையைப் போதிப்பது வயிறு நிறைந்தவனின் உபதேசமன்றோ?

மறுப்பு வலுவானது. அதிலுள்ள உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். சுடுநீர்த் துணிக்குச் சில நிமிடம் போதும். துருவுக்கோ நாட்கள் வேண்டும். அந்த நாட்கள் எல்லாரிடமும் இல்லை. ஆயினும், வளைந்த ராடு அந்த ஏழையைத்தான் அதிகமாக வருத்தும். வேறு வண்டி வாங்க அவனால் இயலாது. அவசரம் என்பது அவனுக்கு வாய்த்த துன்பம், உரிமையன்று. அவனுக்கு வேண்டியது உபதேசமன்று. இரண்டு நாளைக்கு இரவல் தரப்படும் ஒரு வண்டி. அண்டை வீட்டார் அதைச் செய்தால் அவனுக்கும் பொறுமை எளிதாகும்.

இம்மறுப்பு இன்னொன்றையும் தெளிவாக்குகிறது. பொறுமையை நாம் பெரும்பாலும் தவறான ஆளிடம் கேட்கிறோம். அடிபடுபவனைப் பார்த்தே “பொறுத்துக்கொள்” என்கிறோம். புகுந்த வீட்டில் துன்புறும் பெண்ணுக்கும், கூலி கிடைக்காத தொழிலாளிக்கும், பிரம்படி பட்ட சிறுவனுக்கும் நாம் பொறுமையைத் தாராளமாக வழங்குகிறோம். இந்த முற்றம் கற்பிக்கும் பொறுமை அவர்களிடம் கேட்கப்படுவதன்று. சுத்தியல் யார் கையில் இருக்கிறதோ, அவரிடம் கேட்கப்படுவது.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இவ்வளவு விடை கூறலாம். இறுகியதற்குக் காரணம் என்ன என்று பார்த்தபின், அதைப் பிடித்திருப்பதை இளக்க முயன்றபின், எந்தப் பக்கம் திரும்பும் என்று அறிந்தபின், விழும் அடியைத் தாங்க மறு கையை வைத்தபின் பயன்படும் வலிமை நியாயமானது. இவற்றுள் ஒன்றும் செய்யாமல் ஓங்கப்படும் கை, தண்டை வெளியே கொண்டுவந்தாலும் நியாயமானதன்று. தண்டு வந்துவிட்டதே என்று அது தன்னைப் பாராட்டிக்கொள்ளலாம். வளைந்த ராடு உள்ளே இருக்கிறது. அதன் ஒலி கேட்கச் சில காலம் ஆகும்.